எட்டுப் பங்கும் ஒரு ஹெரால்டும்

செட்டிநாட்டில் பழைய கார் என்று பேச்சு எடுத்தால் எல்லோரும் பெரிய வெளிநாட்டு வண்டிகளைத்தான் நினைப்பார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் சம்பாதித்து வாங்கிய கார்கள். அவற்றைத் தேடி வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள், விலை பேசுகிறார்கள், கல்யாணத்துக்குப் பூ வைத்து நிறுத்துகிறார்கள். அந்தக் கார்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவற்றுக்கு ஆள் இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது யாரும் தேடாத ஒரு காரைப் பற்றி.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் ஊர்க் கார். சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டி, இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கலோட்டி வரைந்த உருவம். அன்றைக்கு இந்தியாவில் கார் வாங்குவதென்றால் பெரும்பாலும் மூன்று வழிதான்: கல்கத்தா பக்கத்திலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து ஃபியட், மதராஸிலிருந்து ஹெரால்டு. அம்பாசடரை அரசாங்கம் தாங்கியது. ஃபியட்டை டாக்ஸிக்காரர்கள் தாங்கினார்கள். ஹெரால்டைத் தாங்க யாரும் இல்லாமல் போய்விட்டது. கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்து, அது எடுபடாமல், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார் தயாரிப்பையே விட்டுவிட்டது. அதோடு ஹெரால்டு வைத்திருந்தவர்கள் உதிரிபாகத்துக்கு அலைய ஆரம்பித்தார்கள். "அது பலவீனமான வண்டி, முன் சக்கரம் கழன்று விழும்" என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் அது வண்டியின் குற்றம் மட்டுமல்ல.

நான் காரைக்குடியில் கணக்குப் பார்ப்பவன். சொத்துப் பாகப்பிரிவினைக் கணக்குகள் நிறைய வரும். அப்படித்தான் கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றில், எட்டுப் பங்குள்ள ஒரு வீட்டின் கணக்கு வந்தது. முன் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடு. பாதி ஓடு இறங்கியிருந்தது. மராமத்துப் பார்க்க எட்டுப் பேரும் சேர்ந்து பணம் போடுவது நடக்காது என்று ஆனதும், பிரித்து விற்பது என்று முடிவெடுத்திருந்தார்கள். தேக்குத் தூண் தனி, நிலைக்கதவு தனி, உத்தரம் தனி, கல் தனி. இங்கே இது புதிதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு வீடு எப்படிக் கதவாகவும் கண்ணாடியாகவும் எனாமல் தூக்காகவும் கலைகிறது என்று தெரியும்.

விற்க வேண்டிய சாமான் பட்டியலை என்னிடம் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில், உடைந்த தண்ணீர்த் தொட்டிக்கும் துருப்பிடித்த கம்பிக் கிராதிக்கும் நடுவில், "பழைய கார் – 1 (இரும்பு)" என்று எழுதியிருந்தது.

பின்கட்டு கொட்டகையில் நின்றது. நான்கு டயரும் காற்றிறங்கி, ரிம் தரையில் உட்கார்ந்திருந்தது. மேலே நெல் சாக்கு, உடைந்த ஊஞ்சல் பலகை, ஓட்டுத் தூசி. வெளிர்நீலம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நான்கு கதவு. இங்கிலாந்து ஹெரால்டில் நான்கு கதவு கிடையாது. அறுபதுகளின் கடைசியில் மதராஸ்காரர்கள் நம் குடும்பங்களுக்காகத் தாங்களே செய்தது அது. வேறெங்கும் செய்யாத உடம்பு.

காயலாங்கடைக்காரரும் அன்றைக்கே வந்திருந்தார். வண்டி 800 கிலோ சொச்சம் தேறும், உருட்ட முடியாது, கேஸ் கட்டிங் போட்டு நாலாக்கித்தான் ஏற்ற வேண்டும் என்று அளந்து கொண்டிருந்தார். நல்ல மனிதர். நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது முகம் சுளிக்கவில்லை. "எனக்கு எடைக் காசுதான் சார் கணக்கு. பங்குக்காரவுக உங்களுக்குத் தர்றேன்னா நான் எதுக்குக் குறுக்க வரப் போறேன்? ஆனா வெள்ளிக்கிழமை வண்டி வருது. அதுக்குள்ள பேசி முடிங்க" என்றார்.

வீட்டில் அப்போது குடியிருந்தது ஆச்சி ஒருவர்தான். எண்பது தாண்டியவர். கார் அவர் மாமனார் பெயரில் இருந்தது, ஓட்டியது கணவர். இரண்டாங்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "அவுக போன பெறகு யாரும் தொடலை தம்பி. எல்லாப் பங்குக்காரவுகளும் வித்துரலாம்னு சொல்லிட்டாக. நான் ஒருத்தி வேண்டாம்னா ஆகிருமா?"

சரி, எட்டுப் பேரையும் கேட்டுவிடுவது என்று இறங்கினேன். சென்னையில் சிலர், கோயம்புத்தூரில் ஒருவர், பினாங்கில் ஒருவர், மற்றவர்கள் தேவகோட்டையிலும் காரைக்குடியிலும். ஒவ்வொருவராகப் பேசப் பேச எனக்கு விளங்கிய விஷயத்தைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். எட்டுப் பேரில் ஒருவர்கூட அந்தக் காரை உடைக்க விரும்பவில்லை. மற்ற ஏழு பேருக்கும் அது தேவையில்லை போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். பினாங்கிலிருந்தவர், சின்ன வயதில் அதன் பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து பிள்ளையார்பட்டிக்குப் போனதை விவரமாகச் சொன்னார். டாஷ்போர்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டார். பிறகு எதற்கு விற்கச் சம்மதித்தீர்கள் என்றேன். "எல்லாரும் சரின்னாங்க, நானும் சரின்னேன்" என்றார்.

பொதுச் சொத்து இப்படித்தான் போகிறது. யாரும் அதை வெறுக்க வேண்டியதில்லை. வைத்துக்கொள்வது என்றால் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், செலவு செய்ய வேண்டும், மற்றவர்களின் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். எடைக்குப் போட்டால் எட்டால் வகுத்து வங்கியில் போட்டுவிடலாம், ஒருவர் மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் வராது. நம் பக்கத்தில் வீடுகள் விழுவதற்கும் இதுதான் பாதிக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு காரணமும் அந்தப் பேச்சுகளில் அடிக்கடி வந்தது: "பதினஞ்சு வருஷம் ஆனா வண்டியை உடைச்சிரணும்னு சட்டம் வந்திருச்சாமே?" அப்படி ஒரு சட்டம் தமிழ்நாட்டில் சொந்தக் கார்களுக்குக் கிடையாது. 2021-ல் வந்த பழைய வாகன அழிப்புக் கொள்கையைப் பலரும் இப்படித் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். பதினைந்து வருடம் முடிந்தால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ஆனது, பசுமை வரி வேறு இருக்கிறது, அதெல்லாம் உண்மை. ஆனால் தகுதிச் சோதனையில் தேறும் வண்டியை வயதைக் காட்டி யாரும் பிடுங்க முடியாது. தில்லி வட்டாரத்துக்கு உள்ள தனிக் கட்டுப்பாட்டை வைத்து இங்கே பயந்து எத்தனை நல்ல வண்டிகளை எடைக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

காகித வேலை நீண்டது. வண்டி உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசுக்கு மாற்றப் படிவம் 31. அதற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். முதலில் ஆச்சி பெயருக்கு மாற்றி, அங்கிருந்து படிவம் 29, 30 போட்டு என் பெயருக்கு. காயலாங்கடைக்காரர் சொன்ன எடைக் காசைவிடக் கொஞ்சம் கூட்டியே பங்குக்காரர்களுக்குக் கொடுத்தேன். ஒருவர் தன் பங்கை வேண்டாம் என்று சொல்லி, "அதுக்கு டயர் வாங்கிப் போடுங்க" என்றார்.

காரைக்குடிக்குக் கொண்டுவந்தபின் முதல் வேலை துரு பார்ப்பது. இதற்கு எனக்குக் கிடைத்த உதவி வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காது. துருவை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் எங்கள் ஊரில் இருக்கிறது: மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். வந்து குனிந்து பார்த்தவர், கையில் சுத்தியலை எடுக்கவில்லை, முதலில் ஒரு குச்சியால் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், அப்பியிருந்த காய்ந்த மண்ணைத் தட்டினார். "இரும்புக்குத் தண்ணியும் வேணும், காத்தும் வேணும், ரெண்டும் சேர்ந்தாத்தான் துரு. கடல் தள்ளி இருக்கு, கொட்டகை காஞ்ச கொட்டகை, அதனால மேல தப்பிச்சிருச்சு. ஆனா மண்ணு ஒட்டுன இடத்தைப் பாருங்க. ஈரம் தங்குற மண்ணுக்கு அடியில காத்து குறைச்சலா இருக்கும். காத்து குறைஞ்ச இடந்தான் ஆனோடு ஆகும், அங்கதான் இரும்பு கரையும்." அவர் சொன்ன இடத்திலெல்லாம், அதாவது பாடியைத் தாங்கும் பக்கக் கைகளின் நுனியில், தகடு விரலால் அழுத்தினாலே உள்ளே போனது. நடுச் சேசிஸ் கெட்டியாக இருந்தது.

ஹெரால்டுக்கு இது பெரிய வரம். அம்பாசடர், ஃபியட் போலப் பாடியே எலும்பாக இருக்கும் வண்டி இல்லை இது. தனிச் சேசிஸ், அதன் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டிய பாடி. பக்கக் கையை வெட்டி எடுத்துப் புதிதாக மடித்து வெல்டு வைக்க எங்கள் டிங்கர் அண்ணனால் முடிந்தது. பாடி கோணவில்லை, கதவு இறங்கவில்லை.

பானட்டைத் திறந்ததைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் காரில் பானட் மட்டும் தனியாகத் திறக்காது. இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட், எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். சாய்த்ததும் எஞ்சின், ஸ்டீயரிங், முன் ஸ்பிரிங், எல்லாம் மறைப்பே இல்லாமல் வெளியே நிற்கும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். எங்கள் வண்டியில் அதைச் சாய்த்தபோது ஏர் கிளீனர் மேல் குளவிக் கூடு, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் எலி இழுத்துவைத்த பஞ்சு, வயரெல்லாம் செம்பு தெரியக் கடித்திருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் ரேடியேட்டர் மூடியைச் சுற்றி யாரோ கட்டிய காவித் துணி, முடிச்சு அவிழாமல் இருந்தது. தண்ணீர் ஒழுகாமல் இருக்கக் கட்டியிருப்பார்கள். அந்த முடிச்சை நான் அவிழ்க்கவில்லை, துணியை அப்படியே கழற்றி ஆச்சியிடம் கொடுத்தேன்.

எஞ்சின் இறுகியிருந்தது. 948 சிசி, நாலு சிலிண்டர். இந்தியாவில் செய்த ஹெரால்டு எல்லாவற்றுக்கும் கடைசிவரை இதே எஞ்சின்தான். பேட்டரி கொடுத்து ஸ்டார்ட்டரை முறுக்குவதை மெக்கானிக் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டார். தினமும் வந்து கொஞ்சம் ஊற்றுவார், போய்விடுவார். பிறகு நாலாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தார். அது அசைந்த அன்றைக்குப் பட்டறையில் இருந்த பையன்கள் எல்லாம் விசிலடித்தார்கள். ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில் ஒரு சிலிண்டரில் மட்டும் துருக் கோடு. போரிங் போட லேத்துக்குப் போனது.

இப்போது அந்த முன் சக்கர விஷயம். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் கீழ் நுனியில் மரை வெட்டியிருக்கும். அது டிரனியன் என்ற ஒரு பித்தளை நிறக் கட்டைக்குள் திருகி உட்காரும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு ஊற்ற வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கூடாது என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நம் பட்டறைகளில் நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் கன்தான் வைப்பார்கள். மற்ற வண்டிகளுக்கெல்லாம் அதுதானே பழக்கம். கிரீஸ் மரைக்குள் இறங்காது, நாளாக நாளாகக் காய்ந்து இறுகும், உள்ளே தண்ணீர் தங்கும், மரையைத் துரு தின்னும், ஒருநாள் வளைவில் இரும்பு முறிந்து சக்கரம் படுத்துவிடும். எங்கள் வண்டியில் டிரனியனைக் கழற்றியபோது உள்ளே இருந்தது மெழுகாகிப்போன கருப்புக் கிரீஸ். மரையில் பாதி இல்லை. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் இதுவும் "சக்கரம் கழன்ற வண்டி"க் கணக்கில் சேர்ந்திருக்கும். ஹெரால்டு வைத்திருக்கும் எவரும் இந்தப் பத்தியை மட்டுமாவது தங்கள் மெக்கானிக்குக்குப் படித்துக் காட்டுங்கள். ஆயில் மேல் பக்கம் கசிந்து வரும்வரை ஏற்ற வேண்டும், அடிக்கடி ஏற்ற வேண்டும்.

பின் சக்கரத்தைப் பற்றியும் குறை சொல்வார்கள். வண்டிக்குக் குறுக்கே போட்ட ஒரே பட்டை ஸ்பிரிங், அதிலிருந்து தனித்தனியாக ஆடும் அரை ஆக்ஸில். வேகமாக வளைந்தால் வெளிச் சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். இந்தக் குறை நிஜம். அதனால்தான் எழுபதுகளில் வந்த கெஸல் மாடலுக்குக் கம்பெனியே ஒரே ஆக்ஸிலாக மாற்றியது. நிதானமாக ஓட்டுபவர்களுக்குத் தொந்தரவு இல்லை. செட்டிநாட்டுச் சாலைகளில் மேடு பள்ளம் குறைவு, கூர்மையான வளைவும் குறைவு.

உதிரிபாகம் கிடைக்காது என்று எல்லோரும் கையை விரித்தார்கள். ஆனால் இங்கிலாந்துக் கம்பெனியின் ஹெரால்டு 5 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. அதே அடிப்படையில் செய்த ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரை அங்கே இன்னும் ஆசையாக வைத்திருக்கிறார்கள். டிரனியன், பிரேக் சிலிண்டர் வாஷர், கேஸ்கெட் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சுங்க வரி வலித்தது, ஆனாலும் வந்து சேர்ந்தது. மற்றதெல்லாம் காரைக்குடி லேத்திலும் குஷன் கடையிலும் முடிந்தது.

பெட்ரோல் விஷயத்தில் இப்போது ஒரு புதுத் தலைவலி. பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அறுபதுகளின் ரப்பர் அதற்குத் தாங்காது, ஊறி உப்பிவிடும். பழைய ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃபிரம், கார்ப்ரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினோம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் டாங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது. பழைய வண்டியை ஓட்டாமல் பொத்திவைப்பது இப்போது முன்னைவிடக் கெடுதல்.

இதனால்தான் வின்டேஜ் பதிவு வேண்டாம் என்று முடிவு செய்தேன். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021-ல் தனிப் பதிவு வந்திருக்கிறது. பத்து வருடம் செல்லும். நல்ல ஏற்பாடு, மதிக்கிறேன். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரியத்துக்குத்தான் சாலையில் எடுக்கலாம். மருத்துவரும் தலைமையாசிரியரும் குடும்பத்தோடு ஏறிப்போன சாதாரண கார் இது. காய்கறி வாங்கப் போக வேண்டும், குன்றக்குடிக்குப் போக வேண்டும். அதனால் சாதாரணப் பதிவையே புதுப்பித்தேன். ஆர்டிஓ ஆபீஸில் சேசிஸ் எண் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தார்கள். பழைய புத்தகத்தில் உள்ள எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒத்துப்போனது. அபராதமும் வரி பாக்கியும் சேர்த்துக் கட்டியது கணிசமான தொகை. பழைய நம்பரே இருக்கிறது.

ஆச்சி இப்போது காரைக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டை என்னால் காப்பாற்ற முடியவில்லை. எட்டுப் பேரிடமும் வீட்டைப் பற்றியும் இதே கேள்வியை யாராவது முன்னாலேயே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைக்காத நாளில்லை. எஃப்.சி. கிடைத்ததும் ஆச்சியைப் பின்சீட்டில் உட்காரவைத்து அரியக்குடிக் கோவில்வரை போய்வந்தோம். வழியெல்லாம் பேசவில்லை. இறங்கும்போது, "ரெண்டாவது கியர்ல அப்பயும் இப்படித்தான் முனகும். அவுக கிளச்ச ரெண்டு தரம் மிதிப்பாக" என்றார். மறுநாள் அப்படி ஓட்டிப் பார்த்தேன். முனகல் நின்றது.

இன்னும் சில வேலை பாக்கி. நான்கு கதவு மாடல் இந்தியாவில் மட்டும் செய்ததால், பின்கதவுக் கண்ணாடி ரப்பரும், பின்கதவு உள்பூட்டும் இங்கிலாந்தில் கிடைக்காது. எந்த ஊர்க் கொட்டகையிலாவது சரிசெய்ய முடியாத அளவுக்குப் போன நான்கு கதவு ஹெரால்டு இருந்தால், கேஸ் கட்டிங் வைப்பதற்கு முன் பின்கதவு இரண்டையும் முழுசாகக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், முன் சக்கரத்துச் செங்குத்து இரும்பு இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். ஆர்.சி. புத்தகம் இருந்தால் அதைக் கிழித்துப் போடாமல், வண்டியை விற்பதற்கு முன் எல்லாப் பங்குக்காரர்களுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.